முகவரி இழந்த விநோதங்கள்

வியன்னா நகரத்துக் கலைச் சரித்திரக் காட்சிசாலையில், கரிய ஓடு ஒன்றின்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளிப்பூண் கட்டிய கெண்டி ஒன்று இருக்கிறது. ஹாப்ஸ்பர்க் வம்சத்துச் சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ஃபின் பொக்கிஷசாலைக்காக, 1602-ஆம் ஆண்டு பிராக் நகரத்தில் அன்டோன் ஷ்வைன்பெர்கர் என்னும் பொற்கொல்லர் செய்த வேலை அது. இக்காலத்துப் பார்வையாளர் வெள்ளியின் நகாசு வேலையைக் கண்டு மயங்கி நிற்பர். செய்வித்த சக்கரவர்த்திக்கோ வெள்ளியும் பொன்னும் வெறும் பரிவாரங்கள், அந்தக் கரிய ஓடு ஒன்றே கிடைத்தற்கரிய வஸ்து.

அந்த ஓடு கடல் தேங்காயின் ஓடு. இரண்டு தேங்காய்களைப் பக்கத்தில் வைத்து ஒட்டினாற்போன்ற உருவமும், முழுக்காயாயின் பதினைந்து இருபது கிலோ எடையும் உடைய இக்காய், மாலத்தீவின் கரைகளில் எப்போதேனும் ஒன்றாக ஒதுங்குவதுண்டு. அதை விளைவிக்கும் மரத்தைக் கண்டவர் எவரும் இல்லாமையால், அது கடலின் அடியில் வளரும் மரம் என்ற கதை மலாய் மாலுமிகளிடமும் போர்த்துக்கீசியரிடமும் பரவிற்று. கோவாவில் வைத்தியராக இருந்த கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கே அச்சிட்ட தம் மருந்துச்சரக்கு நூலில், விஷமுறிவுக்கு இதற்கிருந்த கியாதியைக் குறித்திருக்கிறார். 1602-இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஐந்தாண்டுக் காலம் சிக்கிக்கொண்ட பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய விருத்தாந்தத்திலிருந்து, கரையொதுங்கிய காய் அரசனுக்கே உரியது என்பதும், ஒருவன் திடீரென்று பணக்காரனாகிவிட்டால் கடல் தேங்காயைக் கண்டெடுத்து ஒளித்துவிட்டான் என்று ஊரார் பேசிக்கொள்வர் என்பதும் தெரிகின்றன.

மரத்தின் ரகசியம் 1768-இல் வெளிப்பட்டது. மாலத்தீவுக்கு ஆயிரம் மைலுக்கும் அப்பால், இன்று சிசெல்ஸ் என்று வழங்கும் தீவுக்கூட்டத்தின் பிராலின் என்னும் தீவிலே, பிரெஞ்சுக் கப்பலோர் அம்மரங்களைக் காடாகவே கண்டனர். கண்டபின் நடந்தது வியாபாரிகளின் புத்திக்கு ஏற்றதே: கப்பல் நிறையக் காய்களை ஏற்றிக்கொண்டுவந்து இந்தியச் சந்தையில் இறக்கினார்கள், விலை சரிந்தது, விஷமுறிவு சக்தியும் விலையோடு சேர்ந்து மறைந்துபோயிற்று. நல்ல காய் நீரில் மூழ்கிவிடும் என்பதும், உள்ளீடு அழுகி வெறுமையான காயே மிதந்து பிரயாணம் செய்யும் என்பதும் பின்னால்தான் தெரியவந்தன. மிதந்துவந்த காயை எத்தனை மன்னர்கள் தோட்டத்தில் ஊன்றி நீர் வார்த்திருந்தாலும் முளைத்திராது. 1881-இல் அத்தீவுக்குச் சென்ற ஜெனரல் கார்டன், ஏதேன் தோட்டத்து அறிவு விருட்சம் இதுவே என்று முடிவு செய்ததையும் இங்கே சொல்லிவைக்கலாம். முகவரி தெரிந்த பிறகும் சிலருக்குக் கற்பனை அடங்குவதில்லை.

இவற்றினும் என்னை அதிகமாகச் சிந்திக்கவைப்பது வேறொன்று. பிராக் நகரத்திலே பொற்கொல்லன் கைபட்டுச் சக்கரவர்த்தியின் பெட்டகத்தில் அமர்ந்த அதே ஓடு, பாரசீகத்துத் தெருக்களில் கஷ்கூல் என்னும் பிச்சைப் பாத்திரமாகவும், நம் நாட்டிலே சந்நியாசியின் கையில் திருவோடாகவும் அலைந்து திரிந்தது. ஓடு ஒன்றே, ஓரிடத்தில் சகலத்தையும் சேர்த்துவைக்க விரும்பியவனுடைய உடைமை, மற்றோரிடத்தில் சகலத்தையும் துறந்தவனுடைய ஒரே உடைமை. ஆகவே ஒரு பொருளை விநோதம் என்றும் அபூர்வம் என்றும் சொல்லும்போது, அப்பொருளின் குணத்தைக் காட்டிலும், அது வந்த வழி நமக்குத் தெரியாமையையே நாம் பெரும்பாலும் குறிக்கிறோம் என்று கருத இடமுண்டு. உலகத்தின் பழம்பொருட் சேகரங்களுடைய சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் படித்தால், இக்கருத்து மேலும் மேலும் உறுதிப்படுகிறது.

பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மன்னர்களும் வைத்தியர்களும் பெருவணிகர்களும் அமைத்த விநோதசாலைகள், இன்றைய பொருட்காட்சிசாலைகளுக்கு மூதாதையர். இன்ஸ்புரூக் அருகே ஆம்ப்ராஸ் கோட்டையில் ஆஸ்திரிய இளவரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு, பொருள்களை அவை ஆன மூலதிரவியத்தின்படி பிரித்து, பொன்னுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று நிலைப்பேழைகள் அமைத்து, அவற்றின் உட்புறத்துக்கு வெவ்வேறு வர்ணமும் தீட்டியிருந்தார். மியூனிக்கில் பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்டின் சேகரத்தைக் கண்ட சாமுவேல் குவிக்கெபெர்க், இத்தகைய சாலைகளை எப்படி ஒழுங்கு செய்வது என்று 1565-இல் ஒரு நூலே எழுதினார். இங்கிலாந்தில் டிரடெஸ்கன்ட் என்னும் தந்தையும் மகனுமான இரு தோட்டக்கலைஞர்கள் லண்டனுக்கருகே லாம்பெத்தில் வைத்திருந்த சேகரத்தைப் பொதுஜனங்களும் கட்டணம் கொடுத்துப் பார்க்க முடிந்தது. அது எலியாஸ் ஆஷ்மோல் என்பவரின் கைக்கு மாறி, 1683-இல் ஆக்ஸ்ஃபோர்டு காட்சிசாலையாயிற்று. ருஷியாவில் மகா பீட்டர் நிறுவியதும் இவ்வகையே. முதலைத் தோலும் கிளிஞ்சலும் சீனத்துப் பீங்கானும் எகிப்தியப் பிரேதமும் ஒரே கூரையின்கீழ்த் தொங்கிய இச்சாலைகளின் அமைப்பைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆயினும் சிருஷ்டி முழுவதையும் ஓர் அறைக்குள் அடக்கி வாசித்துவிட வேண்டும் என்னும் பேராசை ஒன்று அதற்குள் இருந்தது. பிற்காலத்து விஞ்ஞானம் அப்பேராசையிலிருந்து பிறந்ததே.

இவற்றில் எதிலும் தவறாமல் காணப்பட்டது ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு. முறுக்கிவிட்ட தந்தம்போல நீண்டு நிமிர்ந்த அக்கொம்பு விஷத்தை முறிக்கும் என்று நம்பி அரசர்கள் பொன்னை அள்ளிக் கொடுத்தனர். டென்மார்க்கில் வைத்தியராகவும் பேராசிரியராகவும் இருந்த ஓலே வோர்ம், 1638-இல், மண்டையோட்டோடு கூடிய ஒரு மாதிரியை ஆராய்ந்து, இது ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் பல் என்று நிறுவினார். கொம்பு மட்டுமே வந்தவரைக்கும் அது குதிரைக்கு உரியதாக இருந்தது. மண்டையோடும் கூட வந்தபோது கடலுக்குத் திரும்பிற்று. ஆனால் உண்மை தெரிந்ததாலேயே நம்பிக்கை உதிர்ந்துவிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே டேனிஷ் மன்னர்களின் சிங்காதனம் இப்பற்களைக் கொண்டு செய்யப்பட்டது. இன்றும் அது கோபன்ஹேகனில் ரோசன்போர்க் மாளிகையில் இருக்கிறது.

சுவர்க்கப் பறவையின் கதையும் இதே தரத்தது. மகெல்லனுடைய கப்பல்களில் உலகைச் சுற்றி மிஞ்சி வந்த விக்டோரியா, 1522-இல் ஸ்பெயினை அடைந்தபோது, மொலுக்காத் தீவுகளில் பச்சான் சுல்தான் ஸ்பெயின் மன்னருக்கு அனுப்பிய பறவைத் தோல்களையும் கொணர்ந்தது. நியூகினிப் பிரதேசத்து வேடர்கள் காலை நீக்கித் தோலைப் பதப்படுத்துவது வழக்கம். அந்த வழக்கத்தை யாரும் கேட்டுச் சொல்லவில்லை. ஆதலால் கால் இல்லாத இப்பறவை பூமியில் இறங்குவதேயில்லை, ஆகாயத்தில் பனித்துளியை உண்டே வாழ்கிறது என்று பண்டிதர்கள் எழுதிவைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குளூசியுஸ் என்னும் தாவரவியலார் இதை மறுத்துவிட்டார். இருந்தும் 1758-இல் லின்னேயுஸ் அதற்கு இட்ட சாஸ்திரப் பெயர், காலில்லாதது என்றே பொருள்படுகிறது. கையிலிருந்து கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பொருளோடு வந்த செய்தியில் சிறிது உதிர்ந்துபோக, உதிர்ந்த இடத்தில் வாங்குவோனுடைய கற்பனை வந்து குடிபுகுந்தது. வியாபாரிக்கு இது நஷ்டமன்று. செய்தி குறையக் குறைய விலை ஏறும் சரக்கு உலகத்தில் அநேகமாக இது ஒன்றுதான்.

சரக்கு போதாதபோது அதைச் செய்தும் கொடுத்தார்கள். ஆட்டின் வயிற்றில் விளையும் பெசோவார் என்னும் கல், நம் வைத்தியர் பசுவினிடமிருந்து பெறும் கோரோசனையைப்போல் மருந்துக்குப் பெயர்பெற்றது. பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்ல்ஸின் அரண்மனை வைத்தியர் ஆம்பிருவாஸ் பாரே, திருட்டுக் குற்றத்துக்காகத் தூக்குத்தண்டனை பெற்றிருந்த சமையற்காரன் ஒருவனுக்கு, அவன் சம்மதத்தோடு, விஷத்தையும் இக்கல்லையும் ஒருங்கே கொடுத்துப் பார்க்க, அவன் துடிதுடித்து இறந்தான். இவ்வளவு கொடிய பரீட்சைக்குப் பின்னும் கல்லுக்குக் கிராக்கி குறையவில்லை. கோவாவில் கஸ்பார் அந்தோனியோ என்னும் இயேசு சபைச் சகோதரர், பல சரக்குகளை அரைத்து உருட்டிச் செயற்கைக் கல்லே செய்யத் தொடங்கினார். கோவாக் கல் என்று பெயர்பெற்ற அவ்வுருண்டைகளுக்குப் பொன் கம்பி வேலையில் கூடுகள் அமைந்தன. இன்று காட்சிசாலைகளில் மதிக்கப்படுவது அக்கூடே. இதே வழியில், குரங்கின் உடலையும் மீனின் வாலையும் தையல் தெரியாமல் இணைத்து ஜப்பானியக் கைவினைஞர்கள் செய்த கடற்கன்னிகள் மேல்நாட்டுக்குப் போயின. அவற்றுள் ஒன்றை 1842-இல் நியூயார்க்கில் பார்னம் என்னும் காட்சிக்காரர் காட்டிப் பெரும் பணம் சம்பாதித்தார். ஏமாற்று என்று இதை இகழ்வோர் இகழட்டும். தையல் தெரியாமல் தைத்த அந்தக் கைக்கு நான் மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன்.

நிற்க. இதுவரை சொன்னவை பெரும்பாலும் இயற்கைப் பொருள்கள். தம்மைப்பற்றித் தாமே பேசமாட்டாதவை. மனிதன் செய்த பொருள்களோ பேச வல்லவை. ஆயினும் அவையும் விநோதசாலைக்குள் புகுந்ததும் ஊமையாயின என்பதற்கு மியூனிக் அரண்மனைப் பொக்கிஷசாலையில் இருக்கும் யானைத்தந்தப் பேழை ஒன்று போதிய சாட்சி.

இலங்கையில் கோட்டை இராச்சியத்தை ஆண்ட ஏழாம் புவனேகபாகு, சீதாவக்கையிலிருந்து தன்னை நெருக்கிய சகோதரன் மாயாதுன்னைக்கு அஞ்சி, போர்த்துக்கீசியரின் துணையை நாடினான். தனக்கு ஆண் வாரிசு இல்லாமையால், மகள் வயிற்றுப் பேரனாகிய தர்மபாலனுக்கே பட்டம் என்பதை லிஸ்பன் அரசவை அங்கீகரிக்க வேண்டும் என்று விரும்பி, 1540-களின் தொடக்கத்தில் பண்டிதர் ஒருவரின் தலைமையில் தூதுக்குழுவை அனுப்பினான். குழந்தையைக் கடல் கடந்து அனுப்ப இயலாது. ஆதலால் குழந்தையின் பொற்பிரதிமை ஒன்று சென்றது. மூன்றாம் ஜோவாவ் மன்னர் அப்பிரதிமையின் தலையிலே முடிசூட்டினார். இவ்வரலாற்றை ஓலையிலோ செப்பேட்டிலோ எழுதியதோடு நில்லாமல், கோட்டை நகரத்துத் தந்தச் சிற்பிகள் ஒரு பேழையின் பக்கங்களில் செதுக்கினர். போர்த்துக்கீசிய மன்னர் தம்முன் நிற்கும் பிரதிமைக்கு முடிசூட்டும் காட்சி ஒரு பலகையில் தெளிவாக இருக்கிறது. சுற்றிலும் கொடிப்பின்னலும் கற்பனை மிருகங்களும் இழையோட, பொன் பட்டங்களும் மாணிக்கமும் நீலமும் பதித்த அந்தப் பேழையை, கைவினைப் பொருள் என்பதைக் காட்டிலும் இராஜரீக சாசனம் என்றே சொல்ல வேண்டும்.

பேழை லிஸ்பனில் நிலைக்கவில்லை. ஜோவாவின் ராணி காதரீனா ஹாப்ஸ்பர்க் குலத்துப் பெண். ஆசியப் பொருள்களை ஆசையோடு சேர்த்தவள். உறவினர்க்கு அவற்றைப் பரிசாக அனுப்பும் வழக்கமும் உடையவள். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் இப்பேழையும் இதனோடொத்த மற்றொன்றும் பவேரியக் கோமக்களின் விநோதசாலையில் இடம் பெற்றுவிட்டன. அங்கே அதைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தந்தத்தின் வெண்மையும் ரத்தினத்தின் ஒளியும் கீழ்த்திசையின் விநோதமும் தெரிந்தன. ஒரு கிழ அரசன் தன் பேரனுக்காகப் பட்ட கவலை தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்குள் அக்கவலைக்கும் முடிவு வந்துவிட்டது. 1551-இல் புவனேகபாகு போர்த்துக்கீசியத் துப்பாக்கிக் குண்டுக்கே இரையானான். அது தவறுதலா சதியா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதிக்கின்றனர். தர்மபாலன் 1557-இல் கிறிஸ்தவனாகி, 1580-இல் தன் இராச்சியத்தையே போர்த்துக்கீசிய முடிக்குச் சாசனம் செய்து கொடுத்து, 1597-இல் இறந்தான். அடுத்த ஆண்டில், மியூனிக்கில் ஃபிக்ளர் என்பவர் கோமகனின் விநோதசாலைப் பொருள்களுக்கெல்லாம் விரிவான அட்டவணை எழுதி முடித்தார்.

இலங்கையின் தந்தப் பேழைகளைப்பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவற்றுள் ஒன்றில், தோற்பை ஊதும் ஐரோப்பிய வாத்தியக்காரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான்; அவன் நியூரம்பர்க் நகரத்து ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் வெளியிட்ட செப்புத்தகட்டுச் சித்திரத்தின் நேர்நகல். எவ்விதமோ கப்பலேறி வந்த ஒரு காகிதத்தைப் பார்த்து, நம் பக்கத்துச் சிற்பி அதைத் தந்தத்தில் இறக்கியிருக்கிறான். டியூரருக்கோ கீழ்த்திசை இதற்கு முன்பே அறிமுகம்: குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் 1515-இல் லிஸ்பனில் இறங்கியபோது, அதைத் தாம் நேரில் காணாமலே, பிறர் எழுதியனுப்பிய குறிப்பைக்கொண்டு, கவசம் பூண்டாற்போல அவர் வரைந்த மரச்செதுக்குச் சித்திரம் ஐரோப்பா முழுவதும் பரவி, இரண்டு நூற்றாண்டுக் காலம் அம்மிருகத்தின் உண்மை வடிவமாகவே நம்பப்பட்டது. விநோதம் ஒருவழிப் பாதையில் மட்டும் போய்க்கொண்டிருந்தது என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டைச் சிற்பிக்கு நியூரம்பர்க் விநோதம். நியூரம்பர்க் கலைஞனுக்குக் குஜராத்து மிருகம் விநோதம். வித்தியாசம் ஒன்றே: சிற்பியின் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

டியூரர் 1520-இல் பிரஸ்ஸெல்ஸில், மெக்ஸிகோவிலிருந்து ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் அனுப்பிய பொருள்களைக் கண்டு, தம் நாட்குறிப்பில் அவற்றைச் செய்தவர்களின் நுட்பத்தை வியந்திருக்கிறார். பொன்னின் எடையைப் பார்த்தவர் பலர். கையின் திறமையைப் பார்த்தவர் அவர். இத்தகைய கண் எல்லோருக்கும் வாய்க்கவில்லை என்பதை ஆம்ப்ராஸ் கோட்டையில் இருந்த இறகு மகுடம் காட்டுகிறது. கெட்ஸால் என்னும் பறவையின் நீண்ட பச்சை வாலிறகுகளை விசிறிபோல் அடுக்கி, நீலமும் சிவப்பும் பழுப்புமான பிற பறவைகளின் இறகுகளால் வரம்பு கட்டி, பொன் தகடுகள் பதித்த அந்த மகுடம், சுமார் 116 சென்டிமீட்டர் உயரமும் 175 சென்டிமீட்டர் அகலமும் உடையது. அமந்தேகர் என்னும் ஆஸ்டெக் இறகுக் கம்மியர் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கலை அது. ஆனால் 1596-இல் எழுதிய ஆம்ப்ராஸ் அட்டவணையில் அதற்குக் கிடைத்த பெயர், மூரியத் தொப்பி என்பது! மெக்ஸிகோ என்ற சொல்லே இல்லை. பின்னர் வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்த அதை 1878-இல் ஹோக்ஸ்டெட்டர் என்னும் அறிஞர் கண்டு மீட்டபோது, அது கொடியா, மேலாடையா, தலையணியா என்று தீர்மானிக்கவே பெரும் விவாதம் நடந்தது. தலையணி என்று நிலைநாட்டியவர் செலியா நட்டால் என்னும் அமெரிக்கப் பெண்மணி. ஆஸ்டெக் மன்னர் மொக்டெசுமாவே அணிந்தது என்று இன்று ஜனங்கள் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. மெக்ஸிகோ அதைத் திருப்பிக் கேட்டுவருகிறது. பிரயாணத்தின் அதிர்வைப் பழைய இறகுகள் தாங்கமாட்டா என்று வியன்னா விடை கூறிவருகிறது. அது வியன்னாவிலேயே இருக்கிறது.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்திட்ட சர் ஹான்ஸ் ஸ்லோன், 71,000 பொருள்களுக்கு மேல் சேர்த்து 1753-இல் இறந்தவர். மனைவி வழியாக ஜமைக்காவின் அடிமைத் தோட்டங்களின் வருமானமும் அவருக்கு இருந்தது. அவருடைய சேகரத்தில், 1730-ஐ ஒட்டி வர்ஜீனியாவிலிருந்து வந்த மத்தளம் ஒன்று, அமெரிக்க இந்தியரின் மத்தளம் என்று பதிவாகியிருந்தது. பிற்காலத்தில் அதன் மரத்தைப் பரிசோதித்ததில், நம் நாட்டு நறுவிலியின் இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரம் அது என்று வெளிப்பட்டது. வடிவமோ மேற்கு ஆப்பிரிக்க ஆகான் மக்களுடையது. அடிமைக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த மத்தளம் அது என்று கருதுகின்றனர். அக்கப்பல்களில் சங்கிலியிட்ட மனிதரின் கைகால் முடங்காதிருக்கச் சாட்டையைக் காட்டி ஆடவைப்பது வழக்கம், அதற்கு வாத்தியமும் வேண்டியிருந்தது. ஒரு தவறான குறிப்புச்சீட்டு இவ்வளவையும் நெடுங்காலம் மறைத்துவைத்திருக்கிறது. இவ்வகைத் தவற்றில் தீயெண்ணம் இருந்ததென்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தால் என்ன என்ற அலட்சியம் இருந்தது, தீமை விளைய அதுவே போதும்.

தமிழருக்கு நெருங்கிய விநோதசாலை ஒன்று ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கிறது. ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698 முதல் நிறுவிய அனாதைச் சாலையும் பள்ளிகளும் சேர்ந்த ஸ்தாபனத்தில், மாணவர்க்குப் படிப்பிக்கும் பொருட்டு அமைத்தது அது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிருண்ட்லர் என்னும் சித்திரக்காரர் வர்ணம் தீட்டிய பேழைகளில் ஒழுங்குசெய்த அமைப்பு, அதே கட்டிடத்தின் மேல்மாடத்தில் இன்றும் காணக்கிடைக்கிறது. ஹாலேயோடு உறவுபூண்டு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின்வந்த பாதிரிமாரும் அனுப்பிய பொருள்களுக்கும் அங்கே இடம் உண்டு. தமிழ் ஓலைச்சுவடிகளும் அவ்வூருக்குப் போய்ச் சேர்ந்தன.

சீகன்பால்குவை மற்றச் சேகரிப்பாளரோடு சேர்த்து எண்ணக் கூடாது. மதம் மாற்ற வந்தவர்தாம், ஐயமில்லை. ஆயினும் பொருளை அனுப்புவதோடு நில்லாமல், பொருளுக்கு உரியவர்களிடம் கேட்டார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகி, தமிழ் நூல்களைத் தேடி, 1708-இல் தாம் சேர்த்த சுவடிகளுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பெழுதிப் பட்டியல் செய்தார். தமிழரோடு கடிதப் போக்குவரத்து நடத்தி, அவர்கள் தந்த விடைகளைக்கொண்டு, 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வமிசாவளியைப்பற்றி ஒரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்பது ஹாலேயின் எண்ணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்தாகவே கிடந்த அந்நூலை, 1867-இல் ஜெர்மான் என்பவர் சென்னையில் அச்சேற்றினார். பேழையில் வைக்கப் பொருள் வேண்டியிருந்தது. அப்பொருள் என்ன என்று சொல்லும் புஸ்தகம் வேண்டியிருக்கவில்லை. விநோதசாலைகளைப்பற்றி எழுதப்பட்ட கண்டனங்களையெல்லாம் விட இச்செய்தி ஒன்றே எனக்குக் கூர்மையாகப் படுகிறது.

இக்காலத்துப் பழம்பொருள் வியாபாரம் அந்த விநோதசாலைகளின் வழிக்குத் தொடர்ச்சியே. ஒரே ஒரு மாறுதல், அக்காலத்தில் தற்செயலாக உதிர்ந்த முகவரி இக்காலத்தில் வேண்டுமென்றே அழிக்கப்படுகிறது. 1976-இல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜர் திருமேனி, கைமாறிக் கைமாறி லண்டனை அடைந்தது. அங்கே நடந்த வழக்கில், சிதைந்துபோன அக்கோயிலும் ஒரு கட்சிக்காரராக நிற்கலாம் என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, தொல்லியலறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். பத்தூரிலேயே கிடைத்த மற்றத் திருமேனிகளோடும் மண்ணோடும் ஒப்புநோக்கி இது அவ்வூரினதே என்று 1988-இல் தீர்ப்பாகி, 1991-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதிப்பட்டுத் திருமேனி தமிழகம் திரும்பிற்று. ஊர் இன்னது என்று நிரூபிக்க இத்தனை ஆண்டுகள்!

இதற்கு மாறாக, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானின் நடராஜரை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியபோது, கூடவே வந்த பழைய உடைமைப் பத்திரங்கள் அனைத்தும் புனைவு. அவற்றை வென்றது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் அக்கோயிலிலேயே எடுத்துவைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தாமே அத்திருமேனியை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். 1970-இல் யுனெஸ்கோ செய்த உடன்படிக்கையும், நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் நாடு கடத்துவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் இருக்கவே இருக்கின்றன. அவற்றை நிலைநாட்டியது அந்தப் புகைப்படமே.

ஆகையால் வாசகர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். தங்கள் ஊர்க் கோயிலில் உள்ள திருமேனிகள், வாகனங்கள், மணிகள், விளக்குகள் ஆகியவற்றை நான்கு புறமும் தெளிவாகப் படமெடுத்து, உயரமும் அகலமும் அளந்து, பீடத்தில் எழுத்து இருந்தால் அதையும் பெயர்த்தெழுதி, ஒரு பிரதியைக் கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒரு பிரதியைப் பக்கத்து நூல்நிலையத்திலும் வையுங்கள். வீட்டிலே பாட்டன் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொண்டுவந்த பெட்டியோ பீங்கானோ இருந்தால், விவரம் அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, எங்கே யார் செய்தது, எந்த ஆண்டு வந்தது என்று ஒரு தாளில் எழுதி அதனுள்ளேயே போட்டுவையுங்கள். பழம்பொருள் வாங்கும் விருப்பம் உடையவர்கள், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். விற்பவர் தக்க பத்திரத்தோடு பதில் சொல்லாவிட்டால், எவ்வளவு அழகானதாயினும், வாங்காமல் திரும்பிவிடுங்கள்.